எட்டுக் கைகள்

"கையெல்லாம் மேல!" என்று கத்திவிட்டு லோவல் எங்களை எண்ணுகிறான். அவனைத் தவிர நாங்கள் நான்கு பேர். எட்டுக் கைகள் கண்ணில் பட்டால்தான் மரக்கட்டைமேல் ஏற்றி வைத்த ரோபோவின் ஒரு மோட்டாரையாவது அசைப்பான். கட்டுப்பாட்டுப் பெட்டியின் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி, சக்கரம் சக்கரமாகச் சுற்றவிட்டு, "முன்பக்க இடது, சரி. பின்பக்க இடது, கொஞ்சம் முனகுது" என்பான்.

பள்ளிப் பிள்ளைகளின் இந்த ரோபோ போட்டி அணிக்குத் துணையாக வருபவள் நான்; பேட்டரி தூக்குவது என் வேலை. ஒருமுறை டோனட்டோடு கையைத் தூக்கினேன். "அந்தக் கை கணக்குல வராது, மிஸ் வாசுகி. கீழ வைங்க" என்றான். பதினேழு வயதில் இத்தனை கண்டிப்பா! அவன் அம்மாவும் சொல்லிச் சிரிப்பாள்: "வீட்ல மிக்சி போடறதுக்குக்கூட இதே கத்தல்தான். எங்க நாயே காலைத் தூக்குது!"

போன வருடம் ஒரே ஒரு நாள் அவன் எண்ணவில்லை. போட்டியில் ரோபோவை ஓட்டுகிற மாரிட்டின் விரல் அதன் செயினில் மாட்டியது. நகம் போய், கோணலாக முளைத்தது. அவள் அதற்கு எங்கள் அணியின் பச்சை நிறத்தைப் பூசிக்கொண்டு மறந்துவிட்டாள். பாவம், இவன் மறக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை, தோற்றால் வீடு என்ற ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது ரோபோவின் தூக்குக்கை தளர்ந்தது. அதைத் தூக்குவது இரண்டு மோட்டார்கள். ஒன்று செத்திருந்தது. மாற்று மோட்டார் ஒன்றுதான், நேரமும் ஒன்றை மாற்றத்தான். எது என்று, போட்டி நடந்த ஜிம்மின் இரைச்சலில் காதுக்குத் தெரியவில்லை.

"நீ குச்சியைத் தள்ளு, தொட்டாத்தான் எது அதிருதுன்னு தெரியும்" என்று மாரிட் உள்ளே கையை விட்டாள்.

"எடு, மாரிட்."

"மோட்டார் மூடியைத்தான் தொடறேன். செயின் அந்தப் பக்கம்டா."

"ஏழு கைதான் இருக்கு."

"அப்ப ஏழோட நிறுத்து. தள்ளு, நேரம் போகுது!"

அவன் கட்டைவிரல் குச்சிமேலேயே நின்றது. போட்டி போனால் போகட்டும், இந்தப் பிள்ளையை விடுங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது.

லோவல் கட்டுப்பாட்டுப் பெட்டியை முழங்காலில் வைத்தான். இடது கையை உள்ளே விட்டு, அந்தக் கோணல் பச்சை நகத்தின் பக்கத்தில், அவள் விரலைத் தொட்டபடி வைத்தான்.

"எட்டு" என்று சொல்லிவிட்டு, வலது கட்டைவிரலால் மெல்லத் தள்ளினான்.