நோட்டீஸில் இல்லாத மூடி

சித்தூரில் எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோது, முனிசிபாலிட்டியின் தெலுங்கு நோட்டீஸை வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ததும் நானே. கக்கூஸ் குழாயும் குளியலறைக் குழாயும் ஒன்றாகச் சேர்ந்து தெருவுக்குப் போவதாகப் படம் போட்டுக் கொடுத்ததும் நானே. அந்தப் படத்தை அப்பா தன் ஆஸ்பத்திரி வார்டு ஆட்களிடமெல்லாம் காட்டினார்.

வேலைக்கு வந்த கொத்தனார் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார்.

"ரோடு மேட்டுல கீது, ஊடு பள்ளத்துல கீது. பெருமழை வந்தா சாக்கடை உள்ள திரும்பிக்கும்மா. வாசல்ல தொட்டி கட்டி, வெளிப்பக்கம் மட்டும் தொறக்கிற மூடி ஒண்ணு போடணும்."

"நோட்டீஸ்ல அப்படி எதுவும் போடலியே" என்றேன்.

"நோட்டீஸ் எழுதினவரு உங்க ஊட்டை வந்து பாத்தாரா?"

அப்பா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றேன். எழுத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி வேலையை நீட்டுகிறார் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் கக்கூஸ் பீங்கானில் கறுப்பாகத் தண்ணீர் ஏறியது. கோணிப்பையில் மணல் நிரப்பி அடைத்து, மேலே அம்மிக்கல்லை வைத்தோம். தண்ணீர் நின்றது.

"டீச்சரம்மா ஜெயிச்சிட்டா" என்று என்னைக் கேலி செய்து சிரித்தாள் அக்கா. அவளுக்குக் குழந்தை பிறந்து பதினொரு நாள். பிள்ளை பெற்றவளைத் தினமும் வெந்நீரில் குளிப்பாட்ட வேண்டும் என்பதால், எங்கள் வழக்கப்படி குளியலறையை ஒட்டிய பின்னறையில் பாய் போட்டிருந்தோம். குழந்தையும் தரையில்தான்.

கொஞ்ச நேரத்தில் பின்னறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "நைனா, பாய் நனையுது."

ஒரு பக்கம் அடைபட்ட தண்ணீர் குளியலறை ஓட்டை வழியாக வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே குழாய். நான் போட்ட படத்தில் அப்படித்தான் இருந்தது. அப்பா குழந்தையைத் தூக்கியபோது அதன் துணி நனைந்து, வாயோரம் அந்தத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மறுநாளே குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டது. ஐந்தாம் நாள் அப்பா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்தது. ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. அதனால் கல்லறைத் தோட்டத்தில் சுவர் ஓரமாகத்தான் இடம் கொடுத்தார்கள்.

அன்று மாலை அப்பா நோட்டீஸை எடுத்து வந்தார்.

"இன்னொரு தபா படிம்மா. மூடியைப் பத்தி எங்கனா போட்டுக்கீதா?"

முழுவதும் படித்தேன். "இல்ல நைனா."

"அப்ப சரி" என்று மடித்து வாங்கிக்கொண்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மழை விட்டபின் கொத்தனார் மூடி போட வந்தார். நான்தான் சிமென்ட் கலந்து கொடுத்தேன். அவர் மூடியை வெளிப்பக்கம் ஒரு தரம் தள்ளித் திறந்து பார்த்துவிட்டு, காலிச் சட்டியை என்னிடம் நீட்டினார்.