இரண்டு கன்னம், இரண்டு சோப்பு

திருவண்ணாமலை லாட்ஜில் என் பக்கத்து அறையில் ஒரு பள்ளிக்கூட கிளார்க் தங்கியிருந்தார். ஒல்லியானவர். தினமும் இடது கன்னத்துக்கு ஒரு சவர சோப்பும் வலது கன்னத்துக்கு வேறொன்றும் போட்டு மழித்துவிட்டு, என் கதவைத் தட்டுவார்.

"தொட்டுப் பாருங்க சார், எது வழவழன்னு இருக்கு?"

கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்கப் போன அன்று மட்டும், பல நாள் யோசித்துத் தேர்ந்தெடுத்த சந்தன சோப்பை இரண்டு கன்னத்துக்கும் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் திரும்பியவரிடம், "பொண்ணு என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்காம் சார். ஆனா மூஞ்சி சின்னப் பையன் மாதிரி இருக்குதாம். கல்யாணத்துக்குள்ள தாடி வளத்துக்கச் சொல்லிட்டாங்க."

அவர் குரலில் துளி வருத்தம் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்து, வெட்கத்தோடு மோவாயை நீட்டினார்.

"கொஞ்சமாவது மொளைச்சிருக்கா, பாருங்க சார்."