ஒரே பெயரில் மூன்று வேட்பாளர்கள்

எனக்கு எங்கள் குலசாமியின் பெயர். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எழுபதுகளில் யாராவது அந்தப் பெயரை எடுத்தால், கேட்பவர் உடனே, "யாரு, டாக்டரா, கிளாரினெட்டா, சடுகுடுவா?" என்பார்.

டாக்டர் பொன்னேரியில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பழவேற்காடு ஏரிக் குப்பங்களுக்குப் படகில் போய் வைத்தியம் பார்ப்பவர். கிளாரினெட்காரர் கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவர் ஊதுகிறார் என்று தெரிந்தால் பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட எழுந்து வாசலுக்கு வருவார்கள். சடுகுடு நான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாடிக்கொண்டு போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பமாட்டேன் என்று பெயர். ஒரு முறை தோள்பட்டை எலும்பு விலகி டாக்டரிடம் போனபோது, கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "என் பேர வச்சிக்கினு இப்பிடி ஒடஞ்சி வந்து நிக்கிறியே. ஜனங்க என்னத்தான கேப்பாங்க?" அன்று முதல் என்னை எங்கே பார்த்தாலும் "இன்னா பேருகாரரே" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த டாக்டர் சட்டசபைத் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். அவருக்கு எதிரே நின்றவர் ஒரு ரைஸ்மில் முதலாளி. லாரிகள் வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வரத் தொடங்கிய நேரம் அது. அவற்றுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டும் அவரிடம்தான் இருந்தது.

தை அறுப்பு முடிந்து நாங்கள் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது மில்லின் மேனேஜர் ஜீப்பில் வந்தார். அப்பாவுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"தம்பி, நீ எலெக்சன்ல நில்லு. வெளையாட்டுப் பசங்க ஓட்டு பூரா உனக்குத்தான். ஜெயிக்கலன்னாலும் பேரு நிக்கும்."

"நானா? எனக்கு இன்னா சார் தெரியும்?"

"கையெழுத்துப் போடத் தெரியுமில்ல? மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். பத்தாவது முடிச்சிட்டு சும்மா சுத்திக்கினு இருக்கானே உன் தம்பி, அவனுக்கு ஃபேக்டரில பெர்மனென்ட் வேல. மொதலாளி சொல்லிட்டாரு."

எதற்காக எதிராளியே என்னை நிற்கச் சொல்கிறான் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. தம்பியின் வேலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், போஸ்டரில் என் பெயர் வரும் என்ற ஆசை. அப்பா மட்டும், "நமக்கு இன்னாத்துக்குடா இது?" என்றார். மறுநாளே திருவள்ளூருக்குப் போய் அவர்கள் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மனுக்களைப் பரிசீலிக்கும் நாளில் மறுபடி அழைத்துப் போனார்கள். வேனில் ஏறினால் உள்ளே கிளாரினெட்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, ஊதி ஊதித் தடித்த உதடுகள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தேர்தல் அதிகாரியின் அறையில் குமாஸ்தா ஒவ்வொரு பெயராக வாசித்தார். என் பெயர் வந்தது. எழுந்தேன். எனக்கு முன்னால் டாக்டரும் எழுந்து நின்றார். குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே, "தகப்பனார் பெயர்?" என்று கேட்டார். டாக்டர் சொன்னார். அடுத்தும் அதே பெயர். கிளாரினெட்காரர் எழுந்தார். மூன்றாவது முறையும் அதே பெயரை வாசித்தபோது அறையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. நோயாளி ஒருவன் தன்னிடம் எதையோ மறைக்கிறான் என்று தெரிந்தவர் பார்ப்பதுபோல ஒரு பார்வை. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. போஸ்டர், விளையாட்டுப் பசங்க, பேரு நிக்கும் என்றதெல்லாம் எதற்காக என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. அவர் பெயரைத் தேடி வரும் ஓட்டுகள் வழிதவறி விழுவதற்கு வெட்டி வைத்த பள்ளங்கள் நாங்கள்.

அங்கிருந்து வீட்டுக்கு விடவில்லை. புதுவாயலில் மில் கிடங்குக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். "வாபஸ் டைம் முடியற வரைக்கும் இங்கதான். நாளன்னிக்கி மூணு மணிக்கு மேல நீங்க எங்க வேணா போங்க" என்றார் மேனேஜர். பிரியாணி வந்தது, வெற்றிலை வந்தது. எங்கள் செருப்புகளை ஒருவன் பொறுக்கிக்கொண்டு போனான். கேட்டருகே கயிற்றுக் கட்டிலில் ஒரு தடியன் உட்கார்ந்துகொண்டான். இன்னும் இருவர் வாசலில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிளாரினெட்காரர் சோற்றைத் தொடவில்லை.

"உனக்கு இன்னா குடுக்கறேன்னாங்க?" என்று கேட்டார்.

"தம்பிக்கு வேல. உங்களுக்குண்ணே?"

"எனக்கு ஒண்ணும் குடுக்கல. நிக்கலன்னா என் மருமவன லாரி வேலையிலருந்து நிறுத்திடுவேன்னாங்க. பொண்ணு மாசமா கீறா நைனா." தொடாத சோற்றைத் தள்ளி வைத்தார். "அவளுக்கு மொதப் பிரசவம் பாத்ததே டாக்டருதான்."

மறுநாள் முழுக்க அந்த வீட்டுக்குள் நடந்தேன். ஜன்னலில் இருந்து பார்த்தால் கல்கத்தா ரோடு தெரியும். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. தெரிந்தவன் ஒருவன் சைக்கிளில் போனான். கூப்பிட வாயெடுத்தேன், வாசலில் நின்றவன் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். ஐந்து பேர் நடுவே பாடிக்கொண்டு போகும்போது இல்லாத பயம் அங்கே இருந்தது. ஆட்டத்தில் பிடித்தால் விட்டுவிடுவார்கள். இவர்கள் அப்படி இல்லை. ஊரில் அப்பா இருந்தார், தம்பி இருந்தான். எங்கள் நெல் அரைக்கப் போவதும் அதே மில்லுக்குத்தான்.

மூன்றாம் நாள் காலை நாஷ்டா சாப்பிடும்போது கிளாரினெட்காரர் மெல்லச் சொன்னார்: "நான் போயி வாபஸ் வாங்கிடலாம்னு பாக்கறேன். மருமவனுக்கு வேற லாரி கெடைக்கும். நாளைக்கு அந்த டாக்டரு மொகத்த என் பொண்ணு எப்பிடிப் பாக்கும்?"

"எப்பிடிண்ணே போறது?"

"வெளிக்கிப் போவத்தான வுடறானுங்க."

அந்த வீட்டில் கக்கூஸ் கிடையாது. பின்னால் இருந்த வயல்வெளிக்குத்தான் போகவேண்டும். ஆளுக்கொரு டப்பாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். கட்டிலில் இருந்த தடியன் கூடவே வந்தான். முட்புதர் பக்கம் நாங்கள் ஒதுங்கியதும் அவன் பீடி பற்றவைக்கத் திரும்பினான். ஓடினோம்.

அறுத்த வயல். நெல் தாள் ஒவ்வொன்றும் ஊசிபோல வெறும் காலில் ஏறியது. பின்னால் "டேய்! டேய்!" என்று கத்தல். நான் மூன்று வரப்புகளைத் தாண்டிவிட்டேன். திரும்பினால் கிளாரினெட்காரர் இரண்டாவது வரப்பில் விழுந்து கிடந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. எழுந்து நின்றவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

நான் இரண்டு எட்டு திரும்பி வந்தேன்.

"வராத!" என்று கத்தினார். "நீ போ நைனா! என்னுதும் சேத்து நீயே சொல்லிடு!"

தடியன் பாதி வயலுக்கு வந்துவிட்டான். மற்ற இருவரும் கேட்டைத் தாண்டி ஓடி வந்தார்கள். நான் திரும்பி ஓடினேன்.

உச்சிவேளைவரை வாய்க்கால் புதர்களில் ஒளிந்து ஒளிந்து நடந்தேன். பெரியபாளையம் ரோட்டில் விறகு லாரி ஒன்று மெதுவாக வந்தது. கைகாட்டாமல் பின்பலகையைப் பிடித்துத் தொற்றி ஏறினேன். விறகு கிழித்து வலது உள்ளங்கையில் ரத்தம் வந்தது. பெரியபாளையத்தில் குதித்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. திருவள்ளூர் பஸ் வரவில்லை. ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் கோயில் தேங்காய்க் கடைக்குப் பின்னால் போய் நின்றேன். பஸ் வந்தது. வந்த பஸ் வழியில் ஒவ்வொரு ஊரிலும் நின்றது. ஓர் இடத்தில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். நான் கண்டக்டரிடம் மணி கேட்டுக்கொண்டே வந்தேன். "இன்னாய்யா பேஜாரு, பஸ்ஸ நீ ஓட்றியா?" என்று எரிந்து விழுந்தார்.

தேர்தல் ஆபீசுக்குள் நுழைந்தபோது மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மில் மேனேஜரும் இருந்தார். என்னைக் கண்டதும் மேனேஜர் எழுந்துவிட்டார்.

"வாபஸ் வாங்கணும் சார்" என்று அதிகாரியிடம் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பேர்ல மூணு பேர் இருக்காங்க. நீ யாரு?"

அப்பா பெயரைச் சொல்வதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். "சார், இந்த ஆளு வேட்பாளரே இல்ல. யாரோ செட்டப் பண்ணி அனுப்பியிருக்காங்க. கையெழுத்தச் சரி பாருங்க."

படிவத்தைக் கொடுத்தார்கள். பேனாவைப் பிடித்தேன். கிழிந்த கையில் அது வழுக்கியது. தாளில் ரத்தம் பட்டது. கையெழுத்து கோழி கிளறியதுபோல விழுந்தது. அதிகாரி அதை மனுவில் இருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஒத்துப் போகலையேப்பா."

சுவர்க் கடிகாரம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. "நான்தான் சார், நானேதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என் பெயரை நானே சொல்லியும் அங்கே நம்ப ஆளில்லை.

டாக்டர் எழுந்து வந்தார். "நான் இதுல பேசக்கூடாது, தெரியும். கையக் கழுவ மட்டும் வுடுங்க" என்று அதிகாரியிடம் கேட்டார். பானைத் தண்ணீரை ஊற்றி என் கையைக் கழுவி, தன் கைக்குட்டையை உள்ளங்கையில் சுற்றிக் கட்டினார்.

"மூச்ச இழுத்து வுடு. இன்னும் பத்து நிமிசம் கீது. அவசரப்படாம போடு."

வேறு தாளில் மெதுவாகப் போட்டேன். அதிகாரி இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். மேனேஜர் ஏதோ சொல்ல வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். குமாஸ்தா பட்டியலில் என் பெயரைக் கோடிட்டு அடித்தார்.

"சார், இன்னொருத்தரும் வாபஸ் வாங்கணும்னாரு. கிளாரினெட் வாசிக்கிறவரு. அவர அடைச்சி வச்சிருக்காங்க சார்."

"அவர் வரணும். இல்லன்னா அவர் எழுதிக் கொடுத்த லெட்டர் வரணும். இருக்கா?"

இல்லை. இரண்டு நாள் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலை மடித்து வந்த காகிதத்தில்கூட ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. மூன்று மணி அடித்தது.

டாக்டர் உடனே போலீசுக்குச் சொன்னார். போலீஸ் புதுவாயலுக்குப் போனபோது கிளாரினெட்காரர் கட்டுப்போட்ட காலோடு வாசலில் உட்கார்ந்து, தானாகத்தான் வந்தேன் என்றாராம். மாசமாக இருந்த பெண்ணை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வார்?

தேர்தலில் டாக்டர் தோற்றார். அவர் தோற்ற வித்தியாசத்தைவிடக் கிளாரினெட்காரருக்கு விழுந்த ஓட்டுகள் அதிகம். தம்பிக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் நெல்லை வண்டி கட்டி பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணிக்குக் கொண்டுபோய் அரைத்தோம். டாக்டர் பழையபடி படகில் குப்பங்களுக்குப் போய்வந்தார். என்னைப் பார்த்தால் "பேருகாரரே" என்பதும் நிற்கவில்லை. ஆனால் கிளாரினெட்காரரை ஜனங்கள் விடவில்லை. டாக்டரைக் கவிழ்த்தவன் என்று குப்பத்துக் கல்யாணங்களுக்கு அவர் பேண்டு செட்டைக் கூப்பிடாமல் நிறுத்தினார்கள். அவர் வரப்பில் விழுந்த கதையைப் போன இடமெல்லாம் நான் சொன்னேன். சிலர் நம்பினார்கள். "நீ மட்டும் ஓடி வந்துட்டியே" என்று ஒருவன் கேட்டான்.

இரண்டு வருஷம் கழித்துப் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கால் லேசாக இழுத்தது. எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றேன். அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பேரன் பிறந்ததைச் சொன்னார். பிறகு, வெகுநாளாக மனதில் வைத்திருந்ததுபோலக் கேட்டார்:

"அத்தினி பேரு எனக்குக் குத்துனாங்களே, அதுல டாக்டருன்னு நெனச்சிக் குத்துனவங்க போக, நெசமாவே எனக்குன்னு, என் வாசிப்புக்குன்னு யாராச்சும் குத்தியிருப்பாங்களா நைனா?"

அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. என் ஓட்டை நான் டாக்டருக்குத்தான் போட்டிருந்தேன்.

"நான் குத்துனேண்ணே" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "கும்மிடிப்பூண்டி பஸ்ஸு வந்துடுச்சி, ஏறு" என்று சொல்லிவிட்டு இரண்டு கிளாஸையும் எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார்.