அவர்களுடைய இருபத்திரண்டு

என் அண்ணை லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் நகரத்து நடுவில் உள்ள ஒரு கசினோவுக்குப் போய் பிளாக்ஜாக் ஆடுவார். அளவான காசோடு போவார். அது முடிந்ததும் எழும்பிவிடுவார். அண்ணிக்கும் அது தெரியும். அதனால் அவர் ஆடுவதில் எனக்குக் கோபம் இருந்ததில்லை.

ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, புது மேசை ஒண்டு போட்டிருக்கிறாங்கள். டபுள் பண்ணுறதுக்கு அவங்களே காசு வைக்கிறாங்கள். சும்மா! நீ கணக்கு ரீச்சர்தானே, ஆடலாமோ எண்டு வந்து பார்த்துச் சொல்லு."

கசினோ சும்மா காசு வைக்கிறதா? பாடசாலை விடுமுறை வந்ததும் ஹரோவிலிருந்து ரயிலேறிப் போனேன்.

பிளாக்ஜாக் எளிய ஆட்டம். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல், கசினோவின் ஆளான சீட்டுப் போடுபவரை விட அதிகமாக இருக்க வேண்டும். நீங்கள் தாண்டினால் உங்கள் காசு அந்த இடத்திலேயே போய்விடும். அவர் தாண்டினால், மேசையில் மிஞ்சியிருக்கும் எல்லோருக்கும் வெற்றி. முதல் இரண்டு சீட்டைப் பார்த்துவிட்டுப் பந்தயத்தை இரட்டிப்பாக்கவும் விடுவார்கள். வழக்கமாக அதற்கு உங்கள் காசைத்தான் வைக்க வேண்டும். இந்தப் புது மேசையில் ஒன்பது, பத்து, பதினொன்று வந்தால் கசினோவே வைக்கும். 'இலவசம்' என்று பொன்னிற எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

அண்ணைக்குப் பதினொன்று வந்தது. காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளில் இலவசமாக ஒன்றை அவர் முன்னால் வைத்தார்கள். அடுத்த சீட்டு ஏழு; மொத்தம் பதினெட்டு. பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் பன்னிரண்டில் ஒரு சீட்டுக் கேட்டார். ராஜா வந்தது; அதற்குப் பத்து. இருபத்திரண்டு. அவருடைய வில்லையை உடனே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சீட்டுப் போடுபவரின் முறை. ஏழு, ஒன்பது, ஆறு. அவருக்கும் இருபத்திரண்டு.

"வெண்டிட்டம்!" என்றார் அண்ணை.

இல்லை. இலவச வில்லையை எடுத்துக்கொண்டு, அண்ணையின் சொந்த வில்லையை மட்டும் அப்படியே விட்டார்கள். இந்த மேசையில் தங்களுக்கு இருபத்திரண்டு வந்தால் ஆட்டம் சமன் என்றார் சீட்டுப் போட்ட பெண்பிள்ளை, மிகப் பணிவாக.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன்.

"சற்று முன்னர் பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் காசை இருபத்திரண்டுக்காக எடுத்தீர்கள். உங்களுடைய இருபத்திரண்டு மட்டும் எப்படிச் சமனாகும்?"

"விதி மேசையிலேயே எழுதியிருக்கிறது, மேடம். யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை."

எழுதித்தான் இருந்தது: ஆடுபவர்கள் முழங்கையை ஊன்றும் இடத்தில், பொடி எழுத்தில். கொடுப்பதைப் பொன்னில் எழுதியவர்கள், பிடுங்குவதை முழங்கைக்குக் கீழே ஒளித்திருந்தார்கள்.

அண்ணையை வீட்டுக்குக் கூட்டிவந்து குசினி மேசையில் சீட்டுப் போட்டுக் காட்டினேன். இலவச வில்லை வெல்லும்போது ஒரு கஜுப் பருப்பு, இருபத்திரண்டு வெற்றியைத் தட்டிப் பறிக்கும்போது ஒரு செத்தல் மிளகாய். தேநீர் ஆறுவதற்குள் கஜு குவிந்துவிட்டது. மிளகாய் இரண்டோ மூன்றோதான்.

"பாத்தியே? நல்ல மேசைதான்!" என்று அண்ணை கஜுவைச் சாப்பிடத் தொடங்கினார்.

"ஒரு பின்னேரத்து அதிஷ்டத்தை வைச்சு ஒண்டும் சொல்லேலாது, அண்ணை. இப்பிடித்தான் ஆக்களை இருத்தி வைக்கிறாங்கள்."

மடிக்கணினியை எடுத்து ஒரு சின்ன நிரல் எழுதி, லட்சக்கணக்கான ஆட்டங்களை ஓடவிட்டேன். சந்தேகமே இல்லை. இலவசம் கொடுப்பதை விட இருபத்திரண்டு எடுப்பதே அதிகம். பழைய மேசையிலும் கசினோதான் கடைசியில் வெல்லும்; ஆனால் இதில் இன்னும் வேகமாக வெல்லும்.

"அப்ப பழைய மேசையிலையே ஆடுங்கோவன்" என்றேன்.

அண்ணை மிளகாய்களை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"அதிலை இப்ப குறைஞ்சது இருபத்தைஞ்சு பவுண்ஸ் வைக்கோணும், பிள்ளை. என்னட்டை இருக்கிற காசுக்கு அந்தப் புது மேசையிலைதான் இருக்க ஏலும்."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. விதி கணக்குப்படி நியாயமானதா என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த விதி யாருக்கு என்பதை அவர்கள் முன்னரே பிரித்து வைத்திருந்தார்கள். கையில் காசு உள்ளவருக்கு நல்ல விதி. ஷிப்ட் வேலை செய்து ஓய்ந்தவருக்குக் கெட்ட விதி, அதன் தலையில் 'இலவசம்' என்ற கிரீடம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணை ரயில் நிலையத்திலிருந்து அழைத்தார்.

"என்னை வெளியிலை போகச் சொல்லிப்போட்டாங்கள்."

"என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை. மேசைக்குப் பக்கத்திலை நிண்டு, வாற ஆக்களுக்கு இருபத்திரண்டைப் பற்றிச் சொன்னன். ரெண்டு பேர் எழும்பிட்டினம். மற்றவையின்ரை ஆட்டத்திலை தலையிடக் கூடாதாம்."

அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்!

"போன கிழமை நான் அந்த மேசையிலை இருக்கேக்கை, ஒருத்தரும் எனக்கு வந்து சொல்லேல்லையே, பிள்ளை" என்றார். குரலில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவர் பிறகு அங்கே போகவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வெம்பிளியில் பழைய பஸ்காரச் சிநேகிதர் ஒருவர் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற ஊர்ச் சீட்டாட்டம் ஆடுகிறார். அதில் எல்லோருக்கும் ஒரே விதி. தோற்றாலும் உரத்துச் சண்டை பிடிக்கலாம். அண்ணிக்கு நிம்மதி. நான்தான் இன்னும் ஆறவில்லை.