தேவதைக்கு வைத்த பேனா

சங்கத்து நண்பர்களே, இந்த வளைகுடா ஊரில், குதைபியாப் பகுதியில் எங்கள் வீட்டில் நடந்த அவமானம் இது. பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படும் முன் நானே இந்த அறிவிப்புப் பலகையில் எழுதிக் குத்திவிடுகிறேன்.

நேற்று எங்கள் சின்னவள் பிறந்து ஆறாம் நாள். பக்கத்து வீட்டுக் குஜராத்தி பாபி, தொட்டிலருகே வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தார். அன்றிரவு ஒரு தேவதை வந்து குழந்தையின் விதியை எழுதுவாளாம்.

ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பெரியவள் குதித்தாள். “டாடி, இது ஃபேரி காட்மதர்! ஸ்டோரிபுக்ல பேபிக்கு கிஃப்ட் குடுக்க வருவாங்களே, அவங்கதான்!”

யோசித்தால் சரிதான். வெள்ளைக்காரர் கதைகளிலும், ஆதியில் தொட்டிலருகே வந்து விதியை நிர்ணயித்த தேவியர்தாம் பிற்பாடு வரம் தரும் காட்மதர் ஆனார்களாம். அவர்கள் கையில் மந்திரக்கோல், இவள் கையில் பேனா. இதையெல்லாம் வீட்டாருக்கு விரிவாக விளக்கிவிட்டு நைட் டூட்டிக்குக் கிளம்பினேன்.

காலையில் திரும்பினால் வாசலிலேயே பாபி. “பாய் சாப், பேனா மாஃபி!” பேனாவைக் காணோம் என்று, தெரிந்த அரபியில் சொன்னார்.

எல்லாரும் என் சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

“ராத்திரி பூரா இதுலதான் எழுதினீங்களா?” என்றாள் மனைவி. “அப்ப எம் பொண்ணு தலையெழுத்து உங்க ஆபீஸ் ரிஜிஸ்டர்லதான் இருக்கு.”

பெரியவள்தான் பரிவோடு கேட்டாள். “ஃபேரியோட மேஜிக் ஸ்டிக்க யாராச்சும் டூட்டிக்கு எடுத்துட்டுப் போவாங்களா டாடி?”

இன்றிரவு தேவதைக்கு மறுவாய்ப்பு. பாபி புதுப் பேனாவைத் தொட்டில் கம்பியில் நூலால் கட்டிவிட்டார், தபாலாபீஸில் கட்டிவைப்பதுபோல.

என்னைத் திட்ட விரும்புவோர் கீழே எழுதலாம். எழுதி முடித்ததும் பேனாவை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நான் இந்தப் பக்கம் அடிக்கடி வருவேன்.