என் ஊர்க் கடைகளில் கிளவுஸ்

மதியம் பன்னிரண்டு மணி ஆகிவிட்டால் எங்கள் தொழிற்சாலையின் நீண்ட நடைக்கூடத்தில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் "மால்சைட்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பாட்டு வேளை என்று அதற்குப் பொருள். வணக்கம் சொல்வது போல ஒரு வழக்கம், பதிலுக்கு நாமும் அதையே சொல்லிவிட்டு நடக்க வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நின்று, "இன்னும் இல்லை, இப்போதுதான் போகிறேன், நீங்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்துப் பார்த்தால் கேட்டவர் திருப்பத்தைத் தாண்டிப் போயிருந்தார். கோயமுத்தூரில் "சாப்ட்டாச்சுங்களா" என்று கேட்பவர் பதிலுக்காக நிற்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் நம்மை விடவும் மாட்டார். அந்த நினைப்போடு உணவுக்கூடத்துக்குப் போய், வேகவைத்த உருளைக்கிழங்கையும் பழுப்பு நிறக் குழம்பு ஊற்றிய இறைச்சியையும் எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன்.

இது ஸ்டுட்கார்ட்டிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு சிறிய ஊர். நூற்பாலைகளுக்கான இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் தொண்ணூறாம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு ஆள் எடுக்க அவர்கள் கோவைக்கு வந்தபோது நானும் என் நண்பன் பழனிச்சாமியும் ஒன்றாகத்தான் நேர்முகத்துக்குப் போனோம். பீளமேட்டில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள், ஒரே மில்லில் பயிற்சியும் பெற்றவர்கள். என்னை எடுத்தார்கள். அன்று கோட்டைமேட்டில் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தவன் பழனிச்சாமிதான். "போய்ட்டு வா மாப்ள, இந்தக் கடையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சொன்ன கடைகளை நீங்கள் அறிந்திருக்கலாம், அல்லது உங்களுக்கென்று வேறு கடைகள் இருக்கலாம். எங்களுக்கு முதலாவது சரோஜாக்கா மெஸ். பீளமேட்டில் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாமல் இருந்தது. அக்காவும் அவர் கணவரும் தங்களுக்குள் தெலுங்கு பேசிக்கொள்வார்கள். சாப்பிட வருகிறவர்களிடம் கொங்குத் தமிழ்தான். புதன்கிழமைகளில் அரிசியும்பருப்பும் சோறு. அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயத்தோடு ஒன்றாக வேகவைத்து, இறக்கும்போது நெய் விட்டு, பக்கத்தில் அப்பளமும் தயிரும் வைப்பார். சாயங்காலமானால் அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரி. எங்கள் ஊரில் டீயைப் பேக்கரியில்தான் குடிப்போம். நின்றுகொண்டே ஒரு தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டால் மில் சத்தம் காதிலிருந்து இறங்கும். ஞாயிறு காலை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடை. சிறுவாணித் தண்ணீரில் இறக்கிய டிகாக்‌ஷனை வேறு எந்த ஊரிலும் குடித்துவிட முடியாது என்று அந்தக் கடைக்காரர் சொல்வார், நாங்களும் அதை நம்பினோம். இங்கே வந்த பிறகு இன்னும் உறுதியாக நம்புகிறேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஊரில் இருப்பவர்கள்மேல் ஒரு பொறாமை உண்டு. சம்பளத்தையும் காரையும் பார்த்து தாங்கள்தான் நம்மேல் பொறாமைப்படுவதாக ஊரில் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் புதன்கிழமை மதியம் ஆனால், எனக்குப் பழனிச்சாமியின் கைதான் நினைவுக்கு வரும். அது இந்நேரம் சூடான சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசும்போது முதலில் அதைத்தான் கேட்பேன். "மெஸ்ஸுக்குப் போனயா?" "ம், போனேன்." "அக்கா என்ன சொன்னாங்க?" "உன்னயத்தான் கேட்டாங்க." அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தைக்கு அப்பால் இருப்பதையெல்லாம் நானே நிரப்பிக்கொண்டு அடுத்த மாதம் வரை எரிந்துகொண்டிருப்பேன்.

தொண்ணூற்று ஐந்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில் எங்களிடம் இயந்திரங்கள் வாங்கியது. பழனிச்சாமி பராமரிப்புப் பொறுப்பில் இருந்த அதே மில். அங்கே போய் இயந்திரங்களை நிறுவி ஓட்டிக்காட்ட ஆறு மாதத்துக்கு ஒருவரை அனுப்ப வேண்டும். ஊரும் மொழியும் தெரிந்த என்னைத்தான் அனுப்புவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பெட்டி வாங்கிவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "வாடிக்கையாளர் ஜெர்மன்காரர்தான் வேண்டும் என்று கேட்கிறார்" என்றார். எங்கள் ஊர் முதலாளி அப்படிக் கேட்டிருந்தார். இத்தனை விலை கொடுத்து வாங்கும் இயந்திரத்தை நிறுவ வெள்ளைக்காரரே வந்தால்தான் அவருக்கு மரியாதை. மேலாளருக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "உங்களுக்கு அது விடுமுறை மாதிரி ஆகிவிடும், இல்லையா?" என்று சிரிக்கப் பார்த்தார்.

போனவர் கிளவுஸ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார். மதியம் பன்னிரண்டுக்குத் தன் டப்பாவைத் திறந்து, கறுப்பு ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்து, தினமும் அதையே சாப்பிடுகிறவர். கிளம்பும் முன் என்னிடம் வந்து எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார். இருக்கிற கடைகளையெல்லாம் சொன்னேன், பழனிச்சாமி பெயரையும் சொன்னேன். ஒரு வாரத்தில் ஓட்டல் அறையின் ரொட்டிக்குத் திரும்பிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை பழனிச்சாமியைக் கூப்பிட்டேன். "மாப்ள, அப்புறம் பேசட்டுமா? கிளவுசு வெளிய வண்டிகிட்ட நிக்கறாரு" என்றான்.

"எங்கடா போறீங்க?"

"காங்கேயம். அங்க நாட்டுக்கோழி ஒரு எடத்துல நல்லா இருக்குதாம். அவருதான் விசாரிச்சு வெச்சிருக்கறாரு."

அந்தக் கடை எனக்குத் தெரியாது. கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் தெரியாத கடையை, வந்து ஒரு மாதம் ஆன கிளவுஸ் விசாரித்து வைத்திருக்கிறார். தொலைபேசியை வைத்துவிட்டு, வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தபடி நான் சாப்பிட்டது முட்டையும் ரொட்டியும். பழனிச்சாமியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவதற்கு எனக்கு மட்டுமே உரிமை இருப்பதாக நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அடுத்த இரண்டு மாதம் அவனைக் கூப்பிடவில்லை.

கிளவுஸ் திரும்பி வந்தபோது கறுத்து, சற்றுப் பருத்திருந்தார். அமைதியான மனிதர் உணவுக்கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து பேசினார், பேசினார், குழம்பு ஆறிப்போகும் வரை பேசினார். மெஸ்ஸில் முதல் நாள் வயிறு நிறைந்ததும் "போதும்" என்று சொல்லியிருக்கிறார், பழனிச்சாமி சொல்லிக்கொடுத்த சொல். ஆனால் அவர் நாக்கில் அது "போடும்" என்று வந்தது. சரோஜாக்கா இன்னொரு கரண்டி போட்டார். இவர் மறுபடியும் "போடும்" என்றார். அக்கா மறுபடியும் போட்டார். "மூச்சு முட்டியது. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக யாரும் எனக்குப் பரிமாறியதில்லை" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "உனக்குக் காளான் பிடிக்குமா?"

"எந்தக் காளான்?"

"தள்ளுவண்டியில் விற்பார்களே. சாயங்காலம், கல்லில் கொத்தி, சிவப்பாக, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி. அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் கிளம்பிய பிறகு ஊருக்குள் வந்த தீனி அது. என் ஊரின் தெருவில் என்ன விற்கிறது என்பதை ஒரு ஜெர்மன்காரர் எனக்கு ஜெர்மன் மொழியில் விளக்கினார். நான் தெரிந்தது போலத் தலையாட்டினேன்.

அந்த வருடக் கடைசியில், ஜெர்மனிக்கு வந்த பிறகு முதல் முறையாக, ஊருக்குப் போக எனக்கு விடுப்புக் கிடைத்தது. சிங்காநல்லூரில் வீட்டில் பெட்டியை வைத்தேன். வந்ததும் வராததுமாக எங்கே கிளம்புகிறாய் என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மெஸ்ஸுக்குப் போனேன். புதன்கிழமை. சந்தின் முனையிலேயே நெய் வாசனை வந்துவிட்டது. சரோஜாக்கா கண்ணாடி போட்டிருந்தார். ஒரு நொடி பார்த்துவிட்டு அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க கண்ணு, எப்ப வந்தீங்க? நெம்ப எளச்சுப்போட்டீங்களே" என்றார். உள்ளே திரும்பிக் கணவரிடம், எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலேயே, "ஏனுங்க, ஒரம்பர வந்திருக்குது, அந்த நல்ல டம்ளர எடுத்தாங்க" என்று குரல் கொடுத்தார்.

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கம் விருந்தாளி. கல்யாண வீட்டிலும் நோம்பி பண்டிகையிலும் வெளியூரிலிருந்து வந்து தங்கிப் போகிறவர்கள். அக்கா அதை அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் போய் இடித்தது. ஜன்னலோரம் நாங்கள் எப்போதும் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். "அது கிளவுசு தம்பி எடமுங்க" என்று அக்கா சிரித்தார். "நல்லா இருக்கறாருங்களா? அங்க சோறு கெடைக்குதுங்களா அவருக்கு?" ஜெர்மனியில் ஜெர்மன்காரருக்குச் சோறு கிடைக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் கிடைக்கிறது என்றேன். அதற்குள் இலைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வந்தது. "வேணும்னா வெச்சுக்கோங்க. காரங்கூடச் சித்த கம்மி பண்ணிக் கொண்டாரேன், உங்களுக்கு ஒத்துக்காது" என்றார்.

"அக்கா, எனக்குக் காரம் ஆகுங்க" என்றேன். என் குரல் எனக்கே சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது.

மெஸ்ஸிலிருந்து வெளியே வந்ததும் நானும் இந்த ஊர்க்காரன்தான் என்று நிரூபித்தே தீருவது என்று நடந்தேன். பொழுது சாயக் காத்திருந்து, ஒரு தள்ளுவண்டியில் காளான் வாங்கினேன். கிளவுஸ் சொன்னது அத்தனையும் உண்மை. சுவையாகவும் இருந்தது, இரண்டாவது தட்டும் வாங்கினேன். மறுநாள் காலையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. ஆறு மாதம் தெருத்தெருவாகத் தின்ற கிளவுசுக்கு ஒருநாள்கூட வயிறு கெடவில்லை. கோயமுத்தூர்க்காரனாகிய நான் சொந்த வீட்டில் கஞ்சியோடும் உப்புக் கரைசலோடும் படுத்துக் கிடந்தேன்.

பழனிச்சாமி பார்க்க வந்தான். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கிளவுசு ரெண்டு தட்டு திம்பாரு மாப்ள" என்றான்.

"அவரப் பத்திப் பேசாத" என்றேன்.

அவன் சிரிப்பு நின்றது. "அதுக்குத்தான் ரெண்டு மாசம் போன் பண்ணலயா?" என்று கேட்டான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"நீ போனதுக்கப்பறம் நான் மெஸ்ஸுக்குப் போகலடா" என்றான்.

"போனேன்னுதான சொன்ன?"

"சொன்னேன். நீ ஒவ்வொரு தடவையும் ஆசையாக் கேப்ப. என்ன சொல்றது? ரெண்டு பேரும்தான் எண்டர்வியூக்குப் போனம். உன்னய எடுத்தாங்க. அந்த பெஞ்சுல தனியா ஒக்காந்து தின்னா, நீ எங்கியோ பெரிய எடத்துல ஒக்காந்து திங்கற மாதிரியே தோணும். ஒரு தடவ பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். அப்பறம் அந்தச் சந்துக்குள்ளயே போகல. மில்லு கேண்டீன்லயே தின்னுக்குவேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அத்தனை வருடங்களாக நான் புதன்கிழமைதோறும் பொறாமைப்பட்ட அந்தக் கை, மெஸ் பக்கமே போகவில்லை. நான் உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டு அவனை நினைத்து எரிந்தேன். அவன் கேண்டீன் சோற்றைத் தின்றுகொண்டு என்னை நினைத்து எரிந்திருக்கிறான்.

"கிளவுசு வந்த மொத வாரமே, உன்ர பேரச் சொல்லி, வா போலாம்னு நின்னாரு" என்றான் பழனிச்சாமி. "மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு இங்கிலீசு வரல. போனேன். எந்தக் கடைக்குப் போனாலும், இது நீ சொன்ன கடைன்னு ஒரு தடவ சொல்லிப்போட்டுத்தான் திம்பாரு. எனக்கு மொதல்ல எரிச்சலா இருக்கும். அப்பறம் பழகிருச்சு."

உடம்பு தேறியதும் இருவரும் ஆர்.எஸ்.புரம் போய்க் காபி குடித்தோம். அவன் தன் டம்ளரை ஆற்றி என் பக்கம் நகர்த்தினான், நான் என்னுடையதை அவன் பக்கம் நகர்த்தினேன். சர்க்கரை யாருக்கு எவ்வளவு என்பது இருவருக்கும் மறந்திருந்தது. கிளம்பும் நாளுக்கு முந்தின நாள் மெஸ்ஸுக்குப் போனபோது சரோஜாக்கா ஒரு துணிப்பை கொடுத்தார். பருப்புப்பொடி, கொள்ளு, ஊறுகாய். கைநீட்டி வாங்கிக்கொண்டு நன்றி சொன்ன பிறகுதான், "கிளவுசு தம்பிகிட்டப் பத்தரமாக் குடுத்துருங்க" என்றார். என் சட்டைகள் இரண்டை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, பெட்டியில் அந்தப் பைக்கு இடம் செய்தேன்.

கிளவுஸ் அந்தப் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, வரும் ஞாயிறு வீட்டுக்குச் சாப்பிட வா என்றார். போனேன். அரிசியும்பருப்பும் சோறு செய்திருந்தார், அக்காவிடமே கற்றுக்கொண்டதாம். சின்ன வெங்காயம் இங்கே கிடைக்காமல் பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டிருந்தார். அவர் மனைவி ஹைக்கே எனக்குத் தட்டும் முள்கரண்டியும் வைத்தார். கிளவுசுக்குத் தட்டு மட்டும். நான் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்தேன். உப்பு சற்றுக் கம்மி, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்லத்தான் தேடினேன்.

"வீட்டில் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறதா?" என்று ஹைக்கே கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் கிளவுஸ், அந்தப் பதிலைக் கேட்கக் காத்திருந்தவர் போல, அந்த மில் இன்னும் இயந்திரங்கள் வாங்குவதாகவும் வசந்தம் முடிந்ததும் தான் மறுபடி கோயமுத்தூர் போவதாகவும் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அதே பழைய பொறாமை திரும்ப வந்தது. பழனிச்சாமி பைக்கைத் துடைத்து வைப்பான். அக்கா ஜன்னலோர பெஞ்சைக் காலி செய்து வைப்பார். "நல்லது, போய்வாருங்கள்" என்றேன்.

தட்டு காலியானது. என் கை தானாகவே மேலே போய், மடிப்பதற்காக இலையின் விளிம்பைத் தேடியது. குளிர்ந்த பீங்கானில் விரல்கள் முட்டி நின்றன. கூச்சத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே கிளவுசின் கையும் அவர் தட்டின் மேல் விளிம்பில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.