பதினோரு வருடம் பூக்காத செடிகள்

நீரேற்று நிலையத்தில் எல்லாரும் அவரை 'உருண்டை' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் என்னவோ ஒல்லி. பம்பு அறை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், அலுவலக வாசலில் இருந்த ஏழு செடிகளைக் காட்டி, "பந்து மாதிரி இருக்கணும்" என்றார் அப்போதைய மேலதிகாரி. அன்றிலிருந்து வாரம் தவறாமல் வெட்டினார். ஒரு இலை துருத்திக்கொண்டு நின்றாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும்.

பதினோரு வருடம் கழித்து மாற்றலாகி வந்த பெண் பொறியாளர் முதல் நாளே கேட்டார்.

"அண்ணே, இதெல்லாம் என்ன செடி?"

அவர் தலையைச் சொறிந்தார். "வேலிச் செடிங்க மேடம்."

"பூக்காதா?"

"நான் பார்த்ததில்லீங்க."

"நுனியெல்லாம் வெட்டிக்கிட்டே இருந்தா எப்படிப் பூக்கும்? கொஞ்ச நாள் விட்டுத்தான் பாருங்களேன்."

மறுநாள் மதியச் சாப்பாட்டை வழக்கம்போல் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பப் போன மனைவியை, அவர் முதன்முறையாக உள்ளே அழைத்துப் போனார். அவள் ஒரு கிளையை ஒடித்தாள், பால் வடிந்தது.

"இது நந்தியாவட்டை. அதோ, அதுவும். அந்த நீட்டு இலை ரெண்டும் அரளி. ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கே, இந்த மூணும் செம்பருத்தி. சிவப்புதான் பூக்கும், வேணா பாருங்க."

"இத்தனை வருஷமா வாயே திறக்கலையே நீ!"

"உள்ள வான்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கீங்களா?"

அந்த வாரம் அவர் கத்தரியைத் தொடவில்லை.

செடிகள் தாறுமாறாக வளர்ந்தன. காவலாளி, "என்ன உருண்டை, எல்லாம் பரட்டைத் தலையா நிக்குது?" என்று சீண்டினார். உருண்டை குனிந்து இலைகளை விலக்கிப் பார்த்தபோதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. பச்சையெல்லாம் குடைத் துணி மாதிரி மேலோட்டமாக இருந்தது. உள்ளே வெயில் படாத மொட்டைக் குச்சிகள். தடித்த பழைய தண்டுகளில் சிலவற்றை அடியோடு எடுத்தார். மற்றவற்றில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டினார். புதுக் கிளைகள் வெளிப்புறமாக விரிந்தன. செடியின் நடுவில் வெளிச்சம் இறங்கியது.

ஐந்தாவது மாதம் நந்தியாவட்டை வெள்ளையாகப் பூத்தது. பிறகு அரளி. கடைசியாக மலர்ந்த செம்பருத்தி மூன்றும் மஞ்சள்!

"சிவப்புன்னு சொன்னியே?" என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல்.

"இலையைப் பார்த்துச் செடியைச் சொல்லலாம். கலரையும் சொல்ல நான் என்ன ஜோசியமா படிச்சேன்?" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய முகமும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டைக் கேட்டில் கொடுக்கவில்லை. செடிகளுக்குப் பக்கத்து சிமென்ட் பெஞ்சில் இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள், அவர் ஓய்வு பெறும்வரை எட்டு வருடம். தம் கல்யாண வாழ்க்கையில் அவளோடு அதிகம் பேசியது அந்த அரை மணி நேரங்களில்தான் என்று இப்போது அவருக்குத் தோன்றுகிறது. அவள் போய் நாலு வருடம் ஆகிறது.

தெருவில் யாராவது செடி வெட்டக் கூப்பிட்டால் அவர் இன்றும் போகிறார். போனதும் கத்தரியை எடுப்பதில்லை. ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது எந்த மாசம் பூக்கும்?" என்று வீட்டுக்காரர்களிடம் கேட்கிறார். தெரியாது என்றால், "அப்ப பூத்து முடியட்டும், வந்து வெட்டறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்.